துண்டுக்குள்ள நாப்பது

சித்தெ நகந்துக்கறீங்களா? ஆமாங்க, அந்த சீட்டுல இருந்து கண்டக்டரு எந்திரிக்கச் சொல்லிப்போட்டான். மேல எழுதியிருக்குதாமா, மாற்றுத்திறனாளிகள் இருக்கைன்னு. எனக்குப் படிக்கத் தெரியாதாக்கும்! தெரிஞ்சுதானுங்க உக்காந்தேன். "உனக்கு என்னய்யா கொறை?"ங்கறான். எனக்கு ஒண்ணுமில்ல, என்ற தங்கச்சிக்குன்னேன். "தங்கச்சி எங்க?"ங்கறான். அவ வேற பஸ்ஸுல போயிட்டா. "அப்ப நீயும் வேற சீட்டுக்குப் போ"ங்கறான். பஸ்ஸே சிரிக்குது.

செரி, போச்சாதுங்க. உரிமைன்னு ஒண்ணு இருக்குதுல்லீங்களா, அதைத்தான் கேட்டேன். அதுக்குன்னு சட்டமே இருக்குதுங்க, ரெண்டாயிரத்துப் பதினாறாம் வருசத்துச் சட்டம். இந்த நாலு மாசத்துல எனக்கு அது பாதி மனப்பாடம். முழுசும் என்ற தங்கச்சிக்கு.

நான் மாட்டுத் தரகருங்க. சந்தையில வந்து நாச்சிமுத்துன்னு கேட்டீங்கன்னா கட்டுத்தறி கூடக் கை காட்டும். இந்தத் துண்டைப் பாக்கறீங்களே, இதுதானுங்க எங்களுக்கு ஆபீசு. வாங்கறவன் கையும் விக்கறவன் கையும் இதுக்குள்ள போயிரோணும். வாயில வெலை பேசக் கூடாது. வெரலைப் புடிச்சுத்தான் கணக்கு. மொதல் புடி பத்துக் கணக்கு, ரெண்டாவது புடி ஒத்தைக் கணக்கு. மூணு வெரலைப் புடிச்சு, விட்டு, மறுபடியும் ரெண்டு வெரலைப் புடிச்சா முப்பத்திரண்டு. சுத்தி நூறு பேரு நின்னாலும் ஒருத்தனுக்கும் தெரியாது. இருவது வருசமா இந்தத் துண்டு பேசுனதுல பாதிகூட நான் வாயில பேசியிருக்க மாட்டேன். சிரிக்கறீங்களே! நெசமாத்தானுங்க.

அதுல எனக்கு ஒரு தனிப் பேரு உண்டுங்க. நொண்டி மாட்டைக் கைமாத்தி உடறதுல... ஐயோ, சத்தமாச் சொல்லிப்போட்டேன். அந்த வார்த்தை ஆகாதுங்க. மனுசங்களை நாலு பேரு முன்னால அப்படிச் சொல்லி அவமானப்படுத்துனா ஜெயிலுன்னு சுகந்தி சட்டத்தைப் படிச்சுக் காட்டுனா. சுகந்திதானுங்க தங்கச்சி. மாட்டுக்கும் அந்தச் சட்டம் பொருந்துமான்னு கேட்டேன், மொறைச்சா. எதுக்கு வம்புன்னு இப்பெல்லாம் மாற்றுத்திறனாளி மாடுன்னுதான் சொல்றது. சந்தையில அந்த வார்த்தையை நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள பக்கத்து மாடு வித்துப் போயிருது.

அந்த மாட்டை எப்படிக் காட்டோணும்ங்கறீங்க? செவுத்தோரமா நடத்தோணும். திருப்பறப்ப நல்ல கால் பக்கமாத்தான் திருப்போணும். நிறுத்தவே கூடாது. அது நடக்கற வரைக்கும் நாம பேச்சை நிறுத்தக் கூடாது. ஏமாத்து இல்லீங்க, தொழிலு.

அம்மா சாகறப்ப சுகந்திக்குப் பதினாறு வயசு. எனக்கும் அவளுக்கும் பதினஞ்சு வயசு வித்தியாசமுங்க. பொறக்கறப்பவே அவளுக்கு இடுப்பு மூட்டு நழுவி, எடது காலு ரெண்டு இஞ்சு கம்மி. "இவளை ஒரு எடத்துல புடிச்சுக் குடுத்துரு சாமி"ன்னு சொல்லிட்டு அம்மா கண்ணை மூடிருச்சு. நான் சும்மா இருப்பனுங்களா? அடுத்த மாசமே நடை பழக்கிட்டேன். "செவுத்தோரமா வா கண்ணு. வலது பக்கமாத் திரும்பு. நிக்காத, நிக்காத." ஆறு மாசத்துல புடிச்சுக்கிட்டா பாருங்க! சீலைக் கொசுவத்தை எடது பக்கம் தள்ளி வெச்சுட்டு அவ நடந்து வந்தா ஒருத்தனும் கண்டுபுடிக்க முடியாது. ஒருக்கா மட்டும் கேட்டா, "என்ற பல்லையும் புடிச்சுக் காட்டிருவீங்களாண்ணா?"ன்னு. அவளுக்கு நக்கல் ஜாஸ்தி.

புத்தியும் ஜாஸ்திங்க. எம்.காம் படிச்சிருக்கறா. கவர்மென்ட் பரீட்சை எழுதி மார்க்கும் வந்திருச்சு. மாற்றுத்திறனாளிக்குன்னு ஒதுக்கி வெச்ச எடத்துல அவ பேரு நிக்குது. ஆனா கார்டு வேணுமாமா. கார்டுக்கு நாப்பது பர்சன்ட் இருக்கோணும். என்ன நாப்பதுங்கறீங்க? ஊனம் நாப்பதுங்க. டாக்டரு அளந்து, நாப்பதுன்னு எழுதுனா வேலை, பஸ் பாஸு, சைடுல சக்கரம் வெச்ச ஸ்கூட்டருக்கு மனு, எல்லாத்துக்கும் வழி தொறக்கும். முப்பத்தொம்பதுன்னா கதவு சாத்திருச்சு. மத்ததெல்லாம் போனாலும் போகட்டும், அந்த வேலை போனா அவ ஒடஞ்சு போயிருவாளுங்க. ஏழு வருசம் படிச்சது அது ஒண்ணுக்குத்தான்.

ஆனி மாசம் ஒரு புதன்கெழமை கல்யாண மண்டபத்துல முகாம் போட்டாங்க. வெள்ளிக்கெழமை அவளைப் பொண்ணு பாக்க வராங்க. ரெண்டும் ஒரே வாரத்துல! நான் பிளானு பண்ணிட்டேன். "புதன்கெழமை எவ்வளவு முடியுமோ அவ்வளவு சாஞ்சு நட. வெள்ளிக்கெழமை நம்ம நடை நடந்துரு." அவ என்னையவே பாத்தா. "சாஞ்சு நடிக்கோணுமாண்ணா?"ங்கறா. "நடிக்க வேண்டாம் கண்ணு, இருக்கறதை விடக் கொஞ்சம் எச்சாக் காட்டு"ன்னேன். அதுக்கும் சிரிச்சா. ஏன் சிரிச்சான்னு அப்பத் தெரியலீங்க.

மண்டபத்துல டோக்கன் வாங்கி உக்காந்துட்டோம். சுகந்தி பேரைக் கூப்புடறாங்க. அவ எந்திரிக்கறா. அந்த நேரம் பாத்து எதுத்தாப்புல யாரு நிக்கறாங்கறீங்க? மாரப்பன்! வெள்ளிக்கெழமை வரப் போற மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். என்னையப் பாத்ததும் அந்தாளு வெடுக்குன்னு தூணுக்குப் பின்னால போயிட்டாரு. எங்களை வேவு பாக்க வந்துட்டாங்கன்னு முடிவு பண்ணிட்டேன். வேவு பாக்கறவன் எதுக்கு ஒளியோணும்னு யோசிச்சனுங்களா? இல்லீங்க.

பல்லைக் கடிச்சுட்டு மெதுவாச் சொன்னேன். ரெண்டே வார்த்தைதானுங்க. "செவுத்தோரம் கண்ணு."

அவ்வளவுதான்! பன்னெண்டு வருசப் பழக்கமுங்க. என்னமா நடந்தாங்கறீங்க! செவுத்தோரமாப் போயி, வலது பக்கமாத் திரும்பி, டாக்டரு முன்னால போய் நிக்கறா. நின்னுட்டுத் திரும்பி என்னையப் பாத்தா. தூணு பக்கம் கண்ணைக் காட்டுனேன். டாக்டரு சின்னப் பையன், மெட்ராஸ்காரரு. டேப்பு வெச்சு அளந்தாரு. எடது கால்ல மட்டும் நில்லுங்கன்னாரு, நின்னா. குத்த வெச்சு உக்காருங்கன்னாரு, உக்காந்தா. படி ஏறுங்கன்னாரு, ஏறுனா. "வலிக்குதாம்மா?"ங்கறாரு. "இல்லீங்க"ங்கறா. நெத்தியில அப்படி வேர்க்குது, இல்லீங்கங்கறா.

முப்பத்திநாலுன்னு எழுதிப்போட்டாருங்க.

எனக்கு அழுகையே வந்துருச்சு. பாடுபட்டுப் படிச்ச புள்ளைங்க. ஆறு பர்சன்ட்ல போகுதேன்னு நெனைச்சேன். சந்தையில எத்தனை எடத்துல பேரம் முறிஞ்சு, நான் கையைப் போட்டுச் சேத்து வெச்சிருக்கறேன்! டாக்டரு மேசைக்குக் குனிஞ்சேன். துண்டை எடுத்து அவரு கை மேல போட்டேன். உள்ள கையை உட்டு நாலு வெரலைப் புடிச்சேன். நாப்பது! அம்பது கேக்கலீங்க, ஞாயமான வெலை.

டாக்டரு எழுதிட்டிருந்தவரு அப்படியே நின்னுட்டாரு. "என்னங்க பண்றீங்க?"ங்கறாரு. வாயில பேசக் கூடாதுங்களே, மறுபடியும் நாலை அழுத்துனேன். கையை இழுக்கறாரு. இழுத்ததுல ஒரு வெரலு நழுவி மூணு வெரலு என்ற கையில தங்கிப் போச்சு. அடப்பாவி, முப்பதுக்கு எறங்கறானேன்னு நான் விடாம நாலாவதைத் தேடறேன். "என் விரலை விடுங்க!"ன்னு மண்டபமே கேக்கக் கத்துனாரு. வரிசையில உக்காந்திருந்த நூறு பேரும் பாக்கறாங்க. துண்டுக்குள்ள நடக்கற பேரத்தை ஊரே பாத்தது அன்னைக்குத்தானுங்க. சுகந்தி வந்து ஒண்ணு ஒண்ணா என்ற வெரலைப் பிரிச்சு உட்டா. "இவரு பேஷண்ட் இல்லையா?"ன்னு கேட்டாரு. "இல்லீங்க, அண்ணன்"னா. "இவருக்கும் ஒரு டோக்கன் போட்டுடலாம்மா"ங்கறாரு. படிச்சவருக்குத் தொழில் மரியாதையே தெரியலை பாருங்க.

வெள்ளிக்கெழமை வந்துட்டாங்க. மாரப்பன், அவரு சம்சாரம், மாப்பிள்ளைப் பையன் லோகநாதன். பையன் ஊருக்குள்ள இ-சேவை மையம் வெச்சிருக்கறான். மனு போடறது, சான்றிதழ் எடுக்கறது எல்லாம் அவன்கிட்டத்தான். பாக்க லட்சணமாத்தான் இருந்தான். என்ற ஊட்டுக்காரி கச்சாயம் சுட்டு வெச்சிருந்தா. சுகந்தி தட்டை எடுத்துட்டு செவுத்தோரமா வந்தா, வலது பக்கமாத் திரும்புனா. நான் பேச்சை நிறுத்தவே இல்லை. மழை, மாட்டுத் தீவனம், எலக்சன், எல்லாம் பேசியாச்சு.

ஆனா அந்தப் பையன்கிட்ட என்னமோ இடிச்சுது. "தம்பிக்குக் கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு?"ன்னேன். "நல்லா மொறு மொறுன்னு இருக்குதுங்க"ங்கறான். "மையம் காலையில எத்தனை மணிக்குத் தொறப்பீங்க?"ன்னேன். "போதுமுங்க, வயிறு நெறஞ்சிருச்சு"ங்கறான். மாரப்பன் நடுவுல பூந்து பூந்து பேசறாரு, வாயை மூடவே மாட்டேங்கறாரு. இந்தாளு ஏன் இப்படிப் பேசறான்னு எனக்கு ஒரே ஆச்சரியம். அப்பப் பாத்து எங்கயோ கீய்ய்ய்னு ஒரு சத்தம். குக்கருன்னு ஊட்டுக்காரி ஓடறா. போனுன்னு நான் மடியைத் தடவறேன். பையன் மெதுவாக் காதுக்குப் பின்னால கையை உட்டு, முடிக்குள்ள இருந்து ஒரு மிசினைக் கழட்டித் திருகி, மறுபடியும் மாட்டிக்கிட்டான்.

காது கேக்காதுங்க! முகாமுக்கு இந்தப் பையனைக் காட்டத்தான் மாரப்பன் வந்திருக்கறாரு. நாங்க பாத்துருவோம்னு தூணுக்குப் பின்னால பதுங்கியிருக்கறாரு!

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். எந்திரிச்சு நின்னுட்டேன். "ஏனுங்க மாரப்பண்ணா, இப்படி ஒரு கொறையை மறைச்சுட்டுப் பொண்ணு கேட்டு வரலாமுங்களா? மனசாட்சி வேண்டாமுங்களா? முடியை வளத்து உட்டு மிசினை மறைப்பாங்களா? நாங்கெல்லாம் நேர்மையான குடும்பமுங்க!"ன்னேன். உள்ள இருந்து சுகந்தி கெக்கெக்கேன்னு சிரிக்கறா. அந்த மாதிரி சிரிச்சு நான் பாத்ததே இல்லை.

மாரப்பன் லேசுப்பட்ட ஆளுங்களா? "உங்க பொண்ணை மட்டும் முகாம்ல நாங்க பாக்கலையாக்கும்?"ன்னாரு. நான் உடுவனுங்களா! மடியில இருந்த காயிதத்தை உருவி அவரு மூஞ்சிக்கு நேரா நீட்டுனேன். "பாருங்க! முப்பத்திநாலுதான்! எங்க பொண்ணுக்கு ஒரு கொறையும் இல்லைன்னு டாக்டரே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கறாரு!"

சுகந்தி சிரிப்பு நின்னு போச்சுங்க.

ரெண்டு நாளா அந்த டாக்டரை நான்தான் ஊரெல்லாம் திட்டிட்டிருந்தேன். அவளும் கேட்டுட்டுத்தான் இருந்தா. இப்ப அந்தக் காயிதத்தையே தூக்கிப் புடிச்சிருக்கறேன். சுகந்தி வெளிய வந்தா. என்ற கையில இருந்து காயிதத்தை வாங்கி, நாலா மடிச்சு வெச்சுக்கிட்டா. நான் செஞ்சது தப்புங்களா? கல்யாணப் பேச்சுல வேற என்ன சொல்லுவாங்க, நீங்களே சொல்லுங்க. செரி, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

போறப்ப அந்தப் பையன் வாசல்ல நின்னுட்டு அவளைப் பாத்துக் கத்தறான். காது கேக்காதவங்களுக்குச் சத்தம் கட்டுப்படாதில்லீங்களா. "மேல்முறையீடு பண்ணலாமுங்க! சட்டத்துல எடம் இருக்குதுங்க! மறுபடியும் பரிசோதனை கேளுங்க! எனக்கும் மொதல்ல கம்மியாத்தான் போட்டாங்க!" தெருவே வேடிக்கை பாக்குது. சம்பந்தம் முறிஞ்சு போனவன் இவ்வளவு சத்தமா நல்லது சொல்லி நான் கேட்டதே இல்லீங்க.

அவளே மனு எழுதுனா. அவளே போட்டா. இன்னைக்குத்தானுங்க பெரியாஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தாங்க. அந்த வேலைக்கு சர்ட்டிபிகேட்டைக் கம்ப்யூட்டர்ல ஏத்த நாளைக்குச் சாயங்காலம்தான் கடைசி. இதுலயும் முப்பத்திநாலுன்னா எல்லாம் போச்சு. "நீங்க வாங்கண்ணா, ஆனா உள்ள வரக் கூடாது"ன்னா. "துண்டு?"ன்னேன். "தோள்லயே இருக்கட்டும்"னா.

வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன். ஜன்னல் வழியாப் பாக்கக் கூடாதுன்னு அவ சொல்லலைங்களே. எட்டிப் பாத்தேன். மூணு டாக்டருங்க உக்காந்திருக்கறாங்க. ரூமுக்கு நடுவுல ஒரு பொண்ணு நடந்து போகுது. அந்தப் பக்கம் திரும்பிப் போறதுனால மூஞ்சி தெரியலை. ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு கீழ எறங்கி ஏறுது, கையைத் தொடையில ஊனி ஊனி நடக்குது. அய்யோ பாவம், யாரு பெத்த புள்ளையோ, கூட வர ஒரு அண்ணன் தம்பி இல்லையான்னு நெனைச்சேன். நெசமா அப்படித்தானுங்க நெனைச்சேன்.

அது திரும்புச்சு. எடது பக்கமாத் திரும்புச்சு. சுகந்தி.

என்ற ஊட்டுலதானுங்க இருக்கறா. என்ற கண்ணு முன்னாலதான் வளந்தா. நான் இருக்கறப்ப அவ செவுத்தோரமாத்தான் நடப்பா, அதுதான் அவ நடைன்னு நான் நெனைச்சுட்டேன். எச்சாக் காட்டுன்னு நான் சொன்னதுக்கு அவ ஏன் சிரிச்சான்னு அப்பத்தான் வெளங்குச்சு. உள்ள ஒரு டாக்டரம்மா கேக்கறாங்க, "எப்ப இருந்து வலி?"ன்னு. "பன்னெண்டு வருசமாங்க. தெனமும் சுடுதண்ணி ஒத்தடம் குடுக்கறனுங்க"ங்கறா. அந்தச் சுடுதண்ணி, அவளுக்குக் குளுரு ஆகாதுன்னு நெனைச்சனுங்க நான். இத்தனை வெறகு செலவு பண்றாளேன்னு வஞ்சிருக்கறேன். பெஞ்சுல வந்து உக்காந்துட்டேன். மாடு நொண்டுனா... சொல்லிப்போட்டேன் பாருங்க. மாடு அப்படி நடந்தா தூரத்துல வரப்பவே எந்தக் கால்னு சொல்லிருவேன். அதுல எனக்குத் தனிப் பேரு.

ஒரு மணி நேரம் கழிச்சு வந்தா. கையில காயிதம். பக்கத்துல உக்காந்தா. மூஞ்சியில ஒண்ணும் தெரியலை. "என்னாச்சு கண்ணு?"ன்னேன். என்ற தோள்ல இருந்த துண்டை உருவி என்ற கை மேல போட்டா. அவ கையை உள்ள உட்டா.

உங்க கையைக் குடுங்க, காட்டறேன். அட குடுங்க, கூச்சப்படாதீங்க. டாக்டரு மாதிரி இழுத்துக்காதீங்க. இப்படித்தான் துண்டு. இது மொதல் புடி. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ஆச்சுங்களா? நாலு வெரலும் இருக்குதுங்களா? இருக்கான்னு நானும் ரெண்டு தடவை தடவிப் பாத்தேன். இருவது வருசமா இதே தொழிலு, இன்னைக்கு எண்ணத் தெரியலீங்க எனக்கு. இப்ப ரெண்டாவது புடி. அஞ்சும். முழுக் கையி.

புடிச்சுட்டே இருந்தா. கணக்கு முடிஞ்சும் அவ விடலை. நான் தேம்பறேன், ஆஸ்பத்திரிக்கு வந்தவங்கெல்லாம் யாரோ செத்துப் போயிட்டாங்கன்னு எங்களையே பாக்கறாங்க. "கத்தாதீங்கண்ணா"ங்கறா. "செவுத்தோரம்னு சொன்னது தப்பு கண்ணு"ன்னேன். "தெரியும்"னா. "அந்தக் காயிதத்தை நீட்டுனதும் தப்பு"ன்னேன். "அதுதான் பெரிய தப்பு"ன்னா. அப்பறம், "விடுங்கண்ணா, பஸ்ஸு போயிரும். இன்னைக்கே ஏத்தோணும். மையத்தைத் தொறந்து வெச்சுட்டுக் காத்துட்டிருக்கறாரு"ன்னா. எந்த மையம், யாரு காத்துட்டிருக்கறான்னு நான் கேக்கலீங்க. எனக்கும் காது கேக்கலைன்னு வெச்சுக்கங்களேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடுவுல, அத்தனை சனத்துக்கு நடுவுல, அவ நடையில நடந்து போனாளுங்க. நாலு பேரு திரும்பிப் பாத்தாங்க. செவுத்தோரம்னு எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துச்சு. முழுங்கிப்போட்டேன். எட்டாம் நம்பர்ல ஏறுனா, கண்டக்டரு யாரையோ எழுப்பி அவளை உக்கார வெச்சான். ஜன்னலு வழியா கையைத் தூக்கி அஞ்சு வெரலையும் விரிச்சுக் காட்டிட்டுப் போறா. துண்டே இல்லாம!

அடடே, என்ற ஸ்டாப்பு தாண்டிருச்சு போலிருக்குதே. ஏனுங்க, நீங்க சொல்லக் கூடாதுங்களா? உங்க கையை இன்னும் நானேதான் புடிச்சுட்டிருக்கறேன் பாருங்க.